இரண்டாவது பெட்டி

டிங்-டாங். ஈப்போவில் நான் காய்கறி வாங்கும் பேரங்காடியில், மீன் விலை குறைந்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் ஒலிபெருக்கி அப்படித்தான் மணியடிக்கும். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிற என் கால்கள் உடனே ஓடப் பார்க்கும். எங்கே என்று அவற்றுக்குத் தெரியும். சுபாங் விமான நிலையத்தின் வழுவழுத் தரையில், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா படுத்துவிட்டார், உடனே வரவும் என்று இந்தியாவிலிருந்து சித்தப்பாவின் தந்தி. அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். சிவப்பு அடையாள அட்டைக்காரர். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடையாது என்றான காலத்தில், பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். இங்கே பிறந்த எங்களுக்குக் குடியுரிமைக்கான நீல அட்டை. அம்மா இறந்துபோயிருந்தாள், நான் பள்ளிக்கூடத்துப் பையன். எனக்காக அக்கா இங்கேயே நின்றாள். அப்பாவின் மரங்களை அவளே வெட்டினாள். நான் படித்ததெல்லாம் அந்தப் பாலில்தான். அப்பாவின் கடிதங்கள் மகளுக்கு என்றுதான் தொடங்கும். தம்பியைக் கேட்டதாகச் சொல் என்ற கடைசி வரியில் நான் வருவேன்.

ஊருக்கு ஆள் போகிறது என்றால் தோட்டமே சாமான் கொடுத்தனுப்பும். பால் டின், தைலம், சாரோங், டார்ச் லைட். ஒரு பெரியவர் அங்கே இருக்கும் தன் தம்பிக்கு மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தார். அட்டைப்பெட்டி ஒன்று நிறைந்து, இன்னொன்றும் நிறைந்தது.

"ஏன்கா எல்லாத்தையும் வாங்குறே? நாம என்ன லாரியா?"

"வாயை மூடு லா. கப்பல்ல போனவங்க முகத்தை இவங்க இனிமே எங்க பாக்கப் போறாங்க? டின்னாவது போவட்டும்."

ஈப்போ விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்தவர் தமிழர். பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நேரா மெட்ராஸுக்கே போட்டுரவாக்கா? சுபாங்ல பிளேன் மாறும்போது எடுக்க வேணாம்."

"வேணாம் அண்ணே. ஊராங்க சாமான். நடுவுல ஒரு தடவ என் கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

நானும் தலையாட்டினேன். பஸ் மாறும்போதெல்லாம் மூட்டையை இறக்கி, எண்ணி, மறுபடி ஏற்றிப் பழகியவர்கள் நாங்கள். விமானமும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் மழை இறங்கியது. விமானம் நகரவில்லை. அக்கா ஜன்னலில் நெற்றியை வைத்து மழையைத் திட்டினாள். சுபாங்கில் இறங்கியபோது எங்கள் கையில் இருந்த நேரமெல்லாம் கரைந்திருந்தது.

ஓடும் பட்டையில் முதல் பெட்டி வந்தது. இரண்டாவது வரவில்லை. அக்காவை அங்கே நிறுத்திவிட்டு, வழி கேட்டுக் கேட்டு மெட்ராஸ் கவுண்டருக்கு ஓடினேன். அங்கிருந்த மலாய்ப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். "செப்பாட், செப்பாட்!" சீக்கிரம், மூடப்போகிறோம், பெட்டி இல்லாவிட்டால் இல்லாமலே வாருங்கள் என்றாள். டிங்-டாங் என்று மணி அடித்து, எங்கள் விமானத்தைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி ஓடிவந்தேன். பட்டை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. சாமான் வெளியே வருகிற துவாரத்தையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு வாக்கா! டின்னுதானே!"

"டின்னா? அந்தப் பெட்டியிலதான் கண்ணாடி இருக்கு. எவனாச்சும் தூக்கிட்டுப் போனா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் தோட்டத்துக்குள்ள போவேன்?"

"அடுத்த பிளேன் அடுத்த வாரம்தான்கா. அப்பா அதுவரைக்கும்..."

மீதி அவளுக்கும் தெரியும். அப்பாவின் கண் தேடுவது அவளைத்தான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நீ போ, நான் நிக்கிறேன் என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. வந்த சொல்லை நான் அங்கேயே பிடித்துவைத்தேனா, அவள் முந்திக்கொண்டாளா, இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நீ போ. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கொள்ளி வைக்க மகன்தான் வேணும்."

மகன் என்ற அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். நெஞ்சுக்குள் என்னவோ லேசானது. தப்பித்தவனின் லேசு. கண் கலங்குவதற்கு முன்பே கால்கள் திரும்பிவிட்டன. அக்கா என் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து என் சட்டைப் பைக்குள் திணித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வதுபோல என் காலரை இழுத்துவிட்டாள்.

"ஓடு தம்பி. உன்னப் பாத்ததும் மொதல்ல என்னைத்தான் கேப்பாரு."

"என்னக்கா சொல்ல?"

"வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கா, இப்ப வந்துருவான்னு சொல்லு."