குளிசையை விட்டதை யார் சொல்வது

மனநோயோடு குற்ற வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பிப் பார்க்கும் நீதிமன்றம் அது. கனடாவின் மொன்றியலில் அங்கே நான் சமூகப் பணியாளர். வழக்குகள் தொடங்குமுன் அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் பெண் வழக்கறிஞர், மருத்துவத் தாதி, நான் என நால்வரும் ஒரு சின்ன அறையில் கூடுவோம். அங்கே ஒளிவுமறைவு கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

ஒருநாள் காலை நடைபாதையில் தமிழர் ஒருவர் என்னைக் கண்டு எழுந்து வந்தார். புவாண்ட்-கிளேர் புறநகரில் கிடங்கொன்றில் வேலை. பஸ் தரிப்பிடக் கண்ணாடியை உடைத்ததாக வழக்கு. மருந்து எடுக்க வேண்டும் என்பது பிணை நிபந்தனை.

“குளிசையை விட்டுட்டன், தங்கச்சி. விழுங்கினா நித்திரை தூங்குது, போர்க்லிப்ட் ஓட்டேலாமல் கிடக்கு. உள்ளுக்கு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

நான் பதில் சொல்லுமுன் என்னை அந்த அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவருடைய வழக்கைப் பேசும் முறை வந்ததும், மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று தாதி கேட்டார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் பிணையை நீக்கி அவரைத் திரும்பவும் சிறையில் தள்ளலாம். மறைத்தால் என் பேச்சை அந்த அறையில் இனி யாரும் நம்பமாட்டார்கள். அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

“அதுவே பதில்தானே,” என்றார் அரசு வழக்கறிஞர். முதலில் தன்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று பெண் வழக்கறிஞர் தாழ்ந்த குரலில் கடிந்தார்.

வெளியே வந்தேன். பொய் சொல்ல என்னால் முடியாது, உங்களைக் கேட்காமல் சொல்லவும் மனமில்லை என்று அவரிடம் சொன்னேன்.

“நீங்கள் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்லுறன்.”

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் அந்த அறைக்குள் வந்ததே கிடையாது. பெண் வழக்கறிஞர் முதலில் மறுத்தார். பிறகு வாசலில் அவரோடு தனியே பேசி, தானே அழைத்து வந்தார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்தத் தமிழர் எல்லாவற்றையும் சொன்னார். மருந்தை இரவு நேரத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்பதாகத் தாதி சொன்னார். அரசு வழக்கறிஞர் யோசித்து, இம்முறை பிணையை நீக்கக் கேட்கமாட்டேன் என்றார்.

அந்தத் தமிழர் வேலையை இழக்கவில்லை. வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் மருந்து விஷயத்தை நான் தன்னிடம் உடனே சொல்லாதது தாதிக்கு ஆறவில்லை. பல வாரங்கள் என்னிடம் கேட்க வேண்டியதையும் பக்கத்திலிருந்தவரிடமே கேட்டார். நானும் பக்கத்திலிருந்தவருக்கே பதில் சொன்னேன்.