ஆன் போடுவதா, ஆஃப் போடுவதா

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆனபின், ராமநாதபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்தேன். திருப்புல்லாணிப் பக்கம் எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷம் மழை இல்லாமல் போனதும், "படிச்ச படிப்புக்கு ஏதாச்சும் பாருலே" என்று அய்யா சொல்லிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் பேப்பரை இரண்டாம் தடவைதான் தேறியவன் நான். அந்த இங்கிலீஷில்தான் ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியவை பெரிய சொற்கள் இல்லை. அவற்றை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஆள் எப்படிப்பட்டவன், என்ன நிலையில் இருக்கிறான் என்று சொல்லும் சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் பொடிச் சொற்கள்தான் தொல்லை. நாம் அவன் மேல் கோபம் என்கிறோம். மேல் என்றால் ஆன் என்று நினைத்து 'ஆங்க்ரி ஆன்' என்று எழுதினால் தப்பு, 'ஆங்க்ரி வித்' என்று எழுத வேண்டும். நாய்க்குப் பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப்'. இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதற்கு ஒரு வருஷம் முழுக்க 'மேரீட் வித்' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். பக்கத்துக் கொட்டகையில் இருந்த வக்கீல் குமாஸ்தா ஒருநாள் பார்த்துவிட்டு, "டு போடும்யா" என்றார். ஏன் டு என்று கேட்டேன். "நான் என்ன வெள்ளைக்காரனா? அது அப்படித்தான்." அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதி உருப்போட்டேன். சாயங்காலம் விரல்கள் விட்டுப்போகும். தலை அதைவிட மோசமாக இருக்கும்.

அப்போது கொழும்புக்குப் போய்வருவது முன்போல இல்லை. அங்கே புதுச் சட்டம் வந்திருந்தது. தலைமுறையாகக் கடல் தாண்டி வியாபாரம் செய்த கீழக்கரைக் குடும்பங்கள்கூட, பெண்டாட்டி பிள்ளை போய்ச் சேர மனுப்போட வேண்டியிருந்தது. கணவனின் சம்பாத்தியத்தை நம்பி இருக்கிறவள் என்று மனுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

ஒரு சந்தை நாளில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண் ஒருவர் தன் தாயாரோடு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும்.

"எங்க ஊட்டுக்காரக கொழும்புல ஒரு கடையில நிக்கிறாக. போயி ஆறு வருஷம் ஆச்சு. நானும் ரெண்டு பொம்பளப் புள்ளைகளும் போய்ச் சேரணும்ணே" என்றார்.

அன்றைக்குக் காலையிலிருந்து நான் டைப்ரைட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நம்பி இருக்கிறவள் என்ற அந்த வரிக்கு வழக்கமாக 'டிபெண்டென்ட் ஆன்' என்று அடிப்பேன். வக்கீல் எழுதிய ஒரு மனுவில் அதைவிடக் கம்பீரமான வாக்கியம் ஒன்றைப் பார்த்திருந்தேன். கணவரை விட்டால் எனக்குத் தனியாக வேறு வழி இல்லை என்று அதற்கு அர்த்தம். அதில், அவரைச் சாராமல் என்பதற்கு 'இன்டிபெண்டென்ட் ஆஃப்' வந்தது. நினைவிலிருந்து அதை அடிக்கப்போய், வேறு வழி இல்லை என்ற பாதியை விட்டுவிட்டேன். ஒருமுறை படித்தும் பார்த்தேன். இன்டிபெண்டென்ட்டுக்குப் பின்னால் ஆஃப் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஜோடி சரியாக இருந்ததால் கண் தாண்டிப் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து அவர் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தார். கணவரைச் சாராதவர் என்று மனுதாரரே எழுதியிருப்பதால் அனுமதிக்க இயலாது என்று அதில் இருந்தது. கார்பன் காப்பியைத் தேடி எடுத்தேன். தப்பு என்னுடையதுதான்.

"தங்கச்சி, நான்தான் கெடுத்துட்டேன். ஒரு சொல்லு மாறிப்போச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்னான்னு மாறிப்போச்சு?"

"நீங்க புருஷனை நம்பி இல்ல, சொந்தக் கால்ல நிக்கிறீகன்னு வந்துருச்சு."

அவர் கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பிறகு சொன்னார். "அப்ப அது பொய்யில்லையேண்ணே."

நிழலில் உட்கார்ந்திருந்த தாயார், "வாய மூடு புள்ள" என்றார்.

"இவுக கிட்ட சொன்னா என்ன உம்மா?" என்று என் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா தெருவுல உள்ளவுகளுக்கெல்லாம் நாந்தான் தைக்கிறேன். புள்ளைகளுக்குக் கஞ்சி அந்த மிஷின்லதான். அவுக கடுதாசி நோன்புக்கு ஒண்ணு வரும். அதுல சலாம் இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது."

"பின்ன எதுக்கும்மா அம்புட்டுத் தூரம் போகணும்?"

"சின்னவளை அவுக பாத்ததே இல்ல. நேர்ல போயி ஒரு வார்த்தை கேட்டுக்கிறணும். அவுகளுக்கு நான் இருக்கேனா இல்லையான்னு."

புதுத் தாளைச் செருகினேன். அந்த வரி வந்ததும் கை நின்றது. அவர் கவனித்துவிட்டார்.

"ஆபீசுக்காரக எதைக் கேக்குறாகளோ அதையே எழுதுங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

டிபெண்டென்ட், பிறகு ஆன். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். அவர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாயாரைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அனுமதி ஐப்பசியில் வந்தது. தனுஷ்கோடி ரயிலுக்குப் போகிற வழியில் கொட்டகைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் இரண்டும் புதுப் பாவாடை கட்டியிருந்தன. நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் அடுத்த வாரமே இன்னும் பத்து மனுக்கள் சேர்ந்துவிட்டன. அவரை மறந்தும் போனேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் அவர் மறுபடி வந்து நின்றார். உடன் ஒரு ஆள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. நாலு எட்டு நடந்துவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"இவுகதான்" என்றார் அந்தப் பெண். "வந்து எறங்கி மூணு நாள் ஆச்சு. இவுகளுக்கு முடியாம தனுஷ்கோடியிலயே தங்கிட்டோம், புள்ளைகளை உம்மா வந்து முன்னாடியே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் பெஞ்சை இழுத்துப் போட்டேன். அவர் கணவர் மெல்ல உட்கார்ந்தார்.

"கடையில இருந்து நிப்பாட்டி ரெண்டு வருஷமாச்சாம்" என்றார் அந்தப் பெண். "இளைப்பு. சரக்குக் கிட்டங்கி மூலையில படுத்துக் கெடந்தாக. இது யாரும்மான்னு சின்னவ என்கிட்ட கேட்டா. வாப்பான்னேன். அவ கிட்டப் போகல."

"ஊருக்கு வந்திருக்கலாமேண்ணே" என்றேன் கணவரிடம்.

"வெறுங்கையோட எப்படி வார்றது" என்றார். "எழுதலாம்னு உக்காருவேன். எழுத என்னா இருக்கு? சலாம் எழுதுவேன். அதுக்கு மேல ஓடாது."

"கேக்கணும்னு போன வார்த்தையை நான் கேக்கவே இல்லண்ணே" என்றார் அந்தப் பெண். "அந்த நெலையில என்னத்தைக் கேக்குறது." குரலில் வருத்தம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பெருநாளுக்குள் முடிக்க வேண்டிய தையல் கிடக்கிறது என்றார்.

கீழக்கரை பஸ் வந்து நின்றது. இரண்டு மூட்டையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கணவருக்குக் கொடுத்தார். அவர் படியேற நேரமானது. கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.