தைஸ்தோவின் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

தைஸ்தோ லெஹ்தோவாராவுக்கு இரண்டாம் முறையாகக் குரல் போனது பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சிக்கும் காபிக்கும் நடுவில். முதல் முறை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். தொண்டையில் புற்று வந்து, டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் சட்டைப்பையில் இருந்த போன் வழியாகத்தான். இப்போது அந்தப் போனும் வாயை மூடிக்கொண்டது.

பின்லாந்தில் எங்கள் சாலோ ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது போன் ஆலையில் வேலை பார்த்தோம். தைஸ்தோ அங்கே சோதனைப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் இருந்தார். புதுப் போனை மேசையிலிருந்து தள்ளிவிடுவார், ஃப்ரீசரில் போடுவார், மழையில் நனைப்பார். என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் எழுதி வைப்பார். எழுத்தில் வள்ளல், பேச்சில் மகா கஞ்சர். எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான் என்றாலும் இவர் ரொம்ப மோசம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதே "என்ன சொல்றே?" என்று மொட்டையாகக் கேட்டாராம். எதைப் பற்றி என்று புரிய எனக்கு அரை மணி நேரம் ஆச்சு என்பாள் அவர் மனைவி ஹில்க்கா. ஆலை மூடிய பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டாக்சி ஓட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். உபதேசம் செய்ய மாட்டார் பாருங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பதினைந்து நாள் இருக்கிறது என்று சொன்னதும் இந்த மனிதர் அழவில்லை. பட்டியல் போட்டார். கடைக்கு இத்தனை வாக்கியம், பஸ்ஸுக்கு இத்தனை, சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு இத்தனை, ஹில்க்காவோடு சண்டை போட இத்தனை. சவுனாவுக்கு வெளியே உடை மாற்றும் அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, எதிரொலி இல்லாமல் செய்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைத் தன் குரலிலேயே பதிந்துவிட்டார். அவற்றை ஏற்றிய போன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய போன். மற்றப் போன்கள் மாதிரி இதைத் தொடாதே, அதைத் திறக்காதே என்று சட்டம் பேசாது. சொன்னபடி கேட்கும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒன்றைத் தொட்டால் ஒரு வாக்கியம் என்று அவரே நிரல் எழுதிக்கொண்டார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று டிராயரில் தள்ளிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை புது அப்டேட் வந்திருப்பதாகப் போன் சொன்னது. லினக்ஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைச் சும்மா விட்டுவைக்க அவர்களுக்கு மனசே வராது. தைஸ்தோ ஏற்றினார். போன் அணைந்தது. திரையில் சின்னம் வந்தது, இருண்டது. மறுபடி சின்னம், மறுபடி இருட்டு. பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டார். சார்ஜரை மாற்றினார். அதே கதைதான்.

"என்னாச்சு?" என்றாள் ஹில்க்கா.

செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: எந்திரிக்க மாட்டேங்குது.

"அந்தக் குரலெல்லாம் நகல் எடுத்து வச்சிருப்பேல்ல? நீயாவது எடுக்காம இருக்கறதாவது!"

இரண்டு நகல் இருக்கு, என்று எழுதினார்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

இரண்டும் போனுக்குள்ளேயே இருக்கு.

எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வேண்டும் என்பது ஆலையில் சட்டம். எங்கே வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை! ஹில்க்கா திட்டக்கூட நிற்காமல் கோட்டை எடுத்து மாட்டினாள்.

மத்தியானமே கடைத்தெருவில் போன் பழுது பார்ப்பவரிடம் போனார்கள். நல்ல மனிதர்தான். "இது ஒரு மேட்டரே இல்ல. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாம், அஞ்சு நிமிஷம்" என்று கையை நீட்டினார். தைஸ்தோ இரண்டு உள்ளங்கைகளாலும் போனைப் பொத்திக்கொண்டார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அடுத்த இரண்டு நாள் வீடு வீடாக இல்லை. ஹில்க்கா கேட்பாள், அவர் தலையை ஆட்டுவார், அத்தோடு முடிந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவளால் பொறுக்க முடியவில்லை. "அந்த வாக்குவம் கிளீனரை நிறுத்துடீன்னு கத்துவியே, அந்தக் கத்தல் வரும்னே ரெண்டு தடவை மெஷினைப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் வரலை!" என்று அடுப்படியில் நின்று சத்தம் போட்டாள்.

வியாழக்கிழமைகளில் எங்கள் நூலகத்தில் போன், கணினி உதவி மேசை நடக்கும். அங்கே உட்காருபவள் சிர்க்கு. ஆலையில் நிரல் எழுதியவள். அவள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் தைஸ்தோவின் வேலையாக இருந்தது.

"வாங்கய்யா வாங்க!" என்றாள் சிர்க்கு. "ஆயிரத்து நானூறு புகார் எழுதினே எம்மேல. இந்த நரையெல்லாம் நீ குடுத்ததுதான். இப்ப உன்னோட போனே படுத்துக்கிச்சா? கடவுள் இருக்காருய்யா!"

ஹில்க்கா விஷயத்தைச் சொன்னாள். சிர்க்குவின் சிரிப்பு நின்றது. கேலியை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் கேபிளில் மடிக்கணினிக்குப் போன் தெரியவே இல்லை. அது சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம். இரண்டாவது நடுவில் ஒடிந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து மூன்றாவதை எடுத்தாள். ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கேபிளைச் செருக வேண்டும், அப்போது போன் முழுதாக எழாமல் பாதித் தூக்கத்தில் பதில் சொல்லும். இது சிர்க்குவுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜெர்மனிக்காரர் ஒருவர் பத்து வருடத்துக்கு முன்னால் இதே சிக்கலில் மாட்டி, மீண்டு வந்த வழியைப் படிப்படியாக இணையத்தில் எழுதி வைத்திருந்தார். முகம் தெரியாது, பேர் தெரியாது.

"மகராசன், எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றாள் சிர்க்கு. தைஸ்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாலாவது முயற்சியில் மடிக்கணினியின் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. சிர்க்கு இரண்டு வரி தட்டினாள், படித்தாள், மேசையைத் தட்டினாள்.

"இருக்கு! முந்நூத்திப் பன்னெண்டும் அப்படியே இருக்கு. முதல்ல இதை வெளிய எடுத்துடறேன்."

ஹில்க்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தைஸ்தோ கண்ணை மூடித் திறந்தார். கொடுத்து வைத்தவர்தான், வேறென்ன சொல்வது!

"ஏன் எந்திரிக்கலைன்னும் தெரிஞ்சுபோச்சு" என்றாள் சிர்க்கு. "உள்ள துளிகூட இடம் இல்ல. அப்டேட் பாதி ஏறி, மீதி வைக்க எடம் இல்லாம நடுவுல நின்னுபோச்சு. எதையாவது அழிச்சாத்தான் ஆகும். இந்தா, 'சோதனை'ன்னு ஒரு ஃபோல்டர். பதினோராயிரத்துச் சொச்சம் ஒலிப்பதிவு இருக்கே, என்னய்யா இது?"

தைஸ்தோ நெற்றியில் அடித்துக்கொண்டார். காகிதத்தை இழுத்து எழுதினார்: ஒவ்வொரு வாக்கியமும் எதிராளிக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக வருகிறதா என்று பார்க்க, அதுவும் அதற்குப் பின் இருபது நொடியும் பதிவாகும்படி வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்கு மட்டும். நிறுத்த மறந்துவிட்டேன். குப்பை. அழித்துவிடு.

இரண்டு வருடமாக மறந்திருக்கிறார்! ஆனால் சிர்க்கு அழிக்க ஒப்புக்கொள்ளவில்லை. "கேக்காம அழிக்கறதா? சோதனைப் பதிவைக் கேக்காம அழிச்சதுக்கு எத்தனை தடவை என்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பே? அதெல்லாம் முடியாது" என்று ஒன்றை மடிக்கணினிக்குக் கொண்டுவந்து ஓடவிட்டாள்.

"காபி இருக்கா?" என்றது தைஸ்தோவின் குரல். உடனே ஹில்க்காவின் குரல்: "இருக்கு, நீயே ஊத்திக்கோ. எனக்குக் கால் வலிக்குது."

அடுத்ததில் பஸ் ஓட்டுநர் ஒருவர் சிரித்தார். அதற்கடுத்ததில் மீன் கடைக்காரி, சால்மன் இன்னிக்கு வேணாம்யா, நாளைக்கு வா என்றாள். ஹில்க்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிர்க்கு இன்னொன்றைத் தட்டினாள்.

"விறகு எடுத்துட்டு வரேன்" என்றது தைஸ்தோவின் குரல். போனை மேசையில் வைக்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பிறகு மெதுவாக ஹில்க்கா: "போய்ட்டு வா. இன்னிக்கும் எந்திரிச்சு வந்து காபி கேட்டியே. எனக்கு அது போதும். நன்றி."

தைஸ்தோ மனைவியைப் பார்த்தார். ஹில்க்காவின் காது மடல் வரை சிவந்துவிட்டது. "இதையெல்லாம் ஏன்டி போடறே? நிறுத்து!"

சிர்க்கு நிறுத்தவில்லை. விறகுப் பதிவுகளை மட்டும் தனியே பிரித்தாள், நூற்றுத் தொண்ணூறு இருந்தன. நடுவிலிருந்து ஒன்று போட்டாள். கதவு சாத்தியதும் ஹில்க்கா: "இன்னிக்கு மூச்சு வாங்கலை உனக்கு. நன்றி." கடைசியிலிருந்து ஒன்று, போன வாரத்தினுடையது: "உன்னை எனக்குத் திருப்பிக் குடுத்தாங்களே, நன்றி. விறகை மட்டும் அளவாக் கொண்டா."

"யாரு கிட்ட சொல்றே இதெல்லாம்?" என்றாள் சிர்க்கு.

"மேசைல கிடக்கற போன்ட்டதான். அது ஒட்டுக் கேக்கும்னு நான் கண்டேனா!" என்றாள் ஹில்க்கா. "இந்த ஆள் மூஞ்சியப் பாத்துச் சொன்னா விறகுக்கொட்டாய்க்கு ஓடிருவாரு. அதான் ஓடின அப்புறம் சொன்னேன்."

தைஸ்தோ 'அழித்துவிடு' என்று எழுதியிருந்ததை அடித்தார். அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்தது. சிர்க்கு பதினோராயிரத்தையும் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. நூலகக் காபிக்கடையில் கிரீம் வைத்த பன் வாங்கி வந்தாள் ஹில்க்கா. உள்ளே பாதாம் இருக்க வேண்டுமா ஜாம் இருக்க வேண்டுமா என்று வழக்கம்போல் சிர்க்குவோடு ஒரு சண்டை. தைஸ்தோ பன்னைத் தொடவில்லை. திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் காலியானதும் அப்டேட் தானே மீதியை ஏற்றிக்கொண்டது. சின்னம் வந்தது. இருண்டது. பிறகு கட்டங்கள் வரிசையாக எழுந்தன.

"அந்த இருபது நொடிப் பதிவை நிறுத்திடட்டுமா?" என்றாள் சிர்க்கு. தைஸ்தோ அவசரமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு மனைவி பக்கம் திரும்பி, கட்டங்களை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். பஸ்ஸுக்கு இருக்கிறது, சண்டைக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் ஒன்றைப் பதிந்து வைக்கத் தோன்றவில்லையே மனிதருக்கு! முந்நூற்றுப் பன்னிரண்டில் 'நன்றி' என்ற சொல் ஒரே ஒரு கட்டத்தில்தான் இருந்தது, கடைக்காக. ஹில்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டார்.

"நன்றி, ரசீது வேண்டாம்" என்றது அவர் குரல்.

ஹில்க்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், நூலகம் என்றும் பார்க்காமல் சத்தமாக. அத்தனையும் இருபது நொடி வரை பதிவாயிற்று.