கெட்சாலும் இரண்டாவது கேனும்

ஆல்டோ பெரின் நாற்பது வருஷம் கரும்பு ரயில் ஓட்டினார். ஆட்கள் ஏறுகிற ரயில் இல்லை. ஆலைக்குக் கரும்பு இழுக்கிற குட்டை ரயில். பின்னால் எண்பது கூண்டுப் பெட்டிகள், முன்னால் ஆல்டோ. சோம்பேறி நாய்கூட முந்திவிடும். அப்படி ஓட்டி ஓட்டியோ என்னவோ, அவசரம் என்பதே அவர் உடம்பில் கிடையாது. ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் நான் பச்சைத் தவளையைப் போட்டு வைத்தேன். அதை எடுத்துப் புல்லில் விட்டுவிட்டு மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார். எனக்குத்தான் அவமானமாகப் போயிற்று.

நான் டெஸ். ஆல்டோ வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், கம்பங்கள் மேல் நிற்கிற பழைய மரவீடு எங்களுடையது. போன வருஷம் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம்.

ஆல்டோவுக்கு ஒரே மகள், லொரெட்டா. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி மரீஸாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, ஆல்டோ நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தடம்புரண்டதால் ரயிலோடு நின்றுகொண்டிருந்தார். பாரத்தோடு நிற்கிற ரயிலை ஓட்டுநர் விட்டுப் போகக் கூடாது. மாற்றாள் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. மரீஸா அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. அறையில் லொரெட்டா தனியாக இருந்தாள். அடக்கம் முடிந்ததும் தூரத்து டார்வின் நகரத்துக்குப் போனவள் அப்புறம் அப்பாவின் போனை எடுக்கவே இல்லை.

ஆனால் ஒரு கணினி விளையாட்டுக்குத் தினமும் வருவாள் என்று எனக்குத் தெரியும். தீவு ஒன்று, அதில் டைனோசர்கள். பிழைத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆல்டோவின் கணினியில் அதை ஏற்றிக் கொடுத்தவள் நான்தான். ஏன் என்று கேட்டால், கிழவரை டைனோசர் தின்பதைப் பார்க்க என்று சொல்வேன். அது பாதி உண்மை.

லொரெட்டா அவரை அங்கே பார்த்தாள். விரட்டவில்லை. பேசவும் இல்லை. தீவில் அவர் கட்டிய குடிசை வாசலில் பலகை அடித்து எழுதி வைப்பாள்: "பெட்டியில் இறைச்சி." மறுநாள்: "தெற்கே போகாதே, ஓநாய்." இரண்டு வருஷம் இதுதான் அப்பா மகள் பேச்சு. போன மாதம் ஒரு பலகை வந்தது: "கெட்சால் பிடிக்கலாமா?"

ஆல்டோ அந்தப் பலகைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார்.

கெட்சால் அந்தத் தீவில் பறக்கிறவற்றிலேயே பெரியது. நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். சிறகை விரித்தால் ஒரு வீட்டையே மூடும். தானாகத் தரைக்கு வராது. பறக்கும்போதே மயக்க அம்பு அடித்து விழவைக்க வேண்டும். விழுந்ததும் மணிக்கணக்காகப் பக்கத்தில் இருந்து, தெளியாமல் மருந்து புகட்டி, இறைச்சி ஊட்டிப் பழக்க வேண்டும். நடுவில் தெளிந்தால் போச்சு. ஏதாவது வந்து கடித்தாலும் போச்சு. நாம் கணினியை அணைத்துவிட்டுப் போனால் நம் ஆள் அங்கேயே தூங்கிக் கிடப்பான். வருகிற எதுவும் அவனைத் தின்னலாம்.

அதை விழவைத்த அன்றைக்குத்தான் புயல் வந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: புயல் கடைசி நேரத்தில் வடக்கே திரும்பிவிடும். பதினோரு வருஷமாகத் திரும்பியது. இந்தப் புயலுக்கு எங்கள் தலைமையாசிரியையின் பெயரை வைத்திருந்தார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். அந்த அம்மாள் எதற்கும் திரும்பியவளில்லை. காலை ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் கெட்சாலை அடித்து மணலில் வீழ்த்தினார்கள். ஏழு மணிக்கு ரேடியோ, திரும்பவில்லை என்றது.

வானம் அடிபட்ட இடம் மாதிரி பச்சையும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. விடிய விடியக் கத்துகிற தவளைகள் மூச்சுவிடவில்லை. அம்மாவும் நானும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஆல்டோ வீட்டுக்கு ஓடினோம். அவர் வீடு கல் வீடு. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். எட்டரைக்கு மின்சாரம் போனது. பின்கொட்டகையில் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். குன்றின் மேல் போன் கோபுரம் பேட்டரியில் இன்னும் உயிரோடு இருந்தது.

"ஆல்டோ, கூரை பறக்கப் போகுது, நீ கோழிக்கு மருந்து குடுத்துட்டு இருக்கே" என்றாள் அம்மா.

"கோழி இல்ல கொலீன். கெட்சால்."

"எதுவா இருந்தா என்ன, அதுக்கு உன்னைவிட மூளை இருக்கும். அது படுத்துட்டுது பாரு."

ஆல்டோ சிரிக்கவில்லை. "அவ தனியா இருக்கா" என்றார். "இந்தத் தடவை நான் அவ பக்கத்துலயே இருப்பேன்."

அப்புறம் என்னைப் பார்த்து, "டெஸ், முதல் கேன் பெட்ரோல் பதினோரு மணி வரைக்கும் வரும். ரெண்டாவது கேன் முழுசா இருக்கு. பயப்படாதே" என்றார்.

நான் பயந்தேன். ஏனென்றால் இரண்டாவது கேனில் இருந்தது தண்ணீர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அதிலிருந்த பெட்ரோலை என் மண்ரோட்டு பைக்குக்கு ஊற்றிக்கொண்டு, எடை சரியாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்து நிரப்பி வைத்தேன். அவருடைய புல்வெட்டும் இயந்திரம் இருமி இருமிச் சாவதை வேலிக்கு மேலிருந்து பார்க்கத் திட்டம். சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் காற்று ஒரு தகரத்தைப் பிய்த்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். திரையில் லொரெட்டா இறைச்சி வைத்தாள். ஆல்டோ மருந்து புகட்டினார். கெட்சால் பழகினது நாற்பது சதவீதம். ஐம்பது.

பத்தே முக்காலுக்குக் காற்று நின்றது. கதவைச் சாத்தின மாதிரி நின்றது. மேலே வட்டமாக நீல வானம். புயலின் கண். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும், கண் போனதும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், முன்னைவிடக் கோபமாக.

ஆல்டோ விளையாட்டுக்குள் எழுதினார்: "பெட்ரோல் ஊத்தப் போறேன். இருபது நிமிஷம்."

திரையில் லொரெட்டா அடுத்த இறைச்சித் துண்டை வைத்தாள்.

ஜெனரேட்டரை நிறுத்தினார். இரண்டாவது கேனின் மூடியைத் திருகினார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"ஊத்தாதே! அது தண்ணி."

கேனை முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"குழாய்த் தண்ணியா, மழைத் தண்ணியா?"

"குழாய்."

"சரி. நல்ல தண்ணியா இருந்தா குடிக்கவாவது ஆகும்" என்று மூடியைத் திரும்பத் திருகினார். அவர் என்னை அறைந்திருக்கலாம்.

என் பைக்கில் இருந்த பெட்ரோலை எடுக்க ஓடினேன். வேலி இல்லை. எங்கள் வீட்டின் படிக்கட்டு பிடுங்கிக்கொண்டு பைக்கின் மேல் விழுந்து கிடந்தது. இழுத்தேன், அசையவில்லை. தெற்கே, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில், ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அது நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றிய ரயில் மாதிரி ஒரு சத்தம்.

"தள்ளு!" பக்கத்தில் ஆல்டோ. ஜெனரேட்டரையும் கணினியையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"உன்னை யாரு வரச் சொன்னா? அவ தனியா இருக்கா!"

"நீயும்தான். பேசாம தூக்குடீ, குட்டிப்பிசாசே."

தூக்கினோம். பைக் டாங்கிக்குள் ரப்பர் குழாயை விட்டு, வாயில் வைத்து உறிஞ்சி, நான்கு லிட்டர் இறக்கினேன். இன்றைக்கும் எதைச் சாப்பிட்டாலும் அதில் பாதி ருசி பெட்ரோல்தான். கொட்டகைக்கு வருவதற்குள் காற்று எங்களை அடித்தது. ஆல்டோ என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் ஓடியது.

திரை வந்தபோது முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மணலில் செத்த ஓநாய்கள் கிடந்தன. நடுவில் அவசரமாக அடித்த மரவேலி. வேலிக்குள் ஒரு பக்கம் கெட்சால். இன்னொரு பக்கம் தூங்கிக் கிடந்த ஆல்டோவின் ஆள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. வேலிக்கு வெளியே லொரெட்டா நின்றாள். உயிர் கால்வாசிதான் மிச்சம். கையிலிருந்த மரம் அந்த இரண்டு பேருக்குத்தான் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

"வந்துட்டியா" என்று எழுத்து வந்தது.

ஆல்டோ ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "வந்துட்டேன்."

தொண்ணூற்றொரு சதவீதத்தில் கோபுரம் செத்தது. திரை அப்படியே உறைந்தது. லொரெட்டாவுக்குப் பின்னால் புதரில் ஏதோ இரண்டு கண்கள். அதே நொடியில் சமையலறைக் கூரையும் போனது. மற்றதையெல்லாம் குளியலறையில், படுக்கைக்கு அடியில், அம்மாவின் சாபங்களைக் கேட்டுக்கொண்டு கழித்தோம்.

ஒன்பது நாள் மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஊர் மண்டபத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் பட்டியலில் ஆல்டோ தன் பெயரை எழுதினார். மறுநாளும் போய், யாராவது அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்களா என்று பார்த்தார். என்னிடம் அந்தக் கேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்காமலே அவர் வீட்டு ஓட்டை மேல் நீலத் தார்ப்பாய் கட்டினேன். தவளை எதுவும் வைக்கவில்லை.

பத்தாம் நாள் கணினி ஓடியது. வேலி இருந்தது. உள்ளே ஆல்டோவின் ஆள் எழுந்து நின்றான். கெட்சால் இல்லை. லொரெட்டா இல்லை. வேலியில் ஒரு பக்கம் உடைந்து கிடந்தது.

"தெளிஞ்சு பறந்துருச்சா?" என்றேன். ஆல்டோவின் கை மவுஸ்மேல் செத்தது மாதிரி கிடந்தது.

அப்போது மணல் இருண்டது. பெரிய நிழல் ஒன்று வேலியைக் கடந்து போயிற்று. நின்று, வளைந்து, திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியிலேயே தலையைக் குனிந்தோம். புழுதி கிளம்பியது. அந்தப் பூதம் கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் சிறகை மடித்து இறங்கியது. தலைக்கு மேலே, பழக்கினவர் வைத்த பெயர் மிதந்தது: பெட்ரோல்.

முதுகில் யாரோ இருந்தார்கள். கணினியின் ஒலிபெருக்கி கரகரத்தது. நான்கு வருஷமாக அந்த வீட்டுக்குள் கேட்காத குரல்.

"ஏறுப்பா சீக்கிரம். கீழ ஓநாய் இருக்கு."