பாத்திமா ஓட்டிய பியட்

மேலப்பாளையத்தில் முகம்மது மைதீனுக்கு முப்பது வருஷமாக மெக்கானிக் வேலை. வண்டிக்காரரிடம் கேட்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றமாட்டார். அவர் கேட்காமல் செய்தது ஒரே ஒரு வண்டியில்தான்.

அது அவர் வீட்டு வண்டி, அறுபத்து நாலாம் வருஷத்துப் பியட் கார். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே, இடது கைக்கு எட்டும்படி இருக்கும். முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை ஒரே சீட்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஜாக்கி நழுவி அவருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? மனைவி மைதீன் பாத்திமா, “சொல்லித் தாங்க, நான் ஓட்டுதேன்” என்றாள். மாவுக்கட்டுக் காலோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தக் கத்த, திடலைச் சுற்றிச் சுற்றி இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டாள்.

கால் சரியான பிறகும் சாவி அவளிடமே இருந்தது. சனிக்கிழமைதோறும் பத்தமடையில் இருக்கும் அக்காவைப் பார்க்கத் தனியாகவே போவாள். எப்படியும் முன்னீர்பள்ளம் பக்கம் இன்ஜின் சூடாகி நிற்கும். பானட்டைத் தூக்கிவைத்து, ஆறும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்புவாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் மானம் போனது. “மெக்கானிக் வீட்டு வண்டி ரோட்டுல நிக்குதே வே” என்று தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள்.

மகளின் பிரசவத்துக்காக பாத்திமா காயல்பட்டினம் போயிருந்த நாற்பது நாளில், விபத்தில் நொறுங்கிய ஜிப்சி ஜீப் ஒன்றின் இன்ஜின் கிடைத்தது. கியர்பாக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைப் பியட்டில் உட்காரவைக்கத் தரைத் தகட்டை அறுத்தார். நீளச் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு தனிச் சீட்டுகள் போட்டார். பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டார்.

திரும்பி வந்தவளிடம் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். “ஓட்டிப் பாருளா. இனி எங்கனயும் நிக்காது.”

ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். இடது கை ஸ்டியரிங் பக்கம் போய் வெறுங்காற்றைத் துழாவியது.

“கியர் எங்க?”

“கீழ, தரையில பாரு. அஞ்சு கியர்!”

தெருமுனைக்குள் இன்ஜின் மூன்று முறை அணைந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் இறங்கிவிட்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

“உனக்காகத்தானே செஞ்சேன்.”

“நானா நிக்குதுன்னு சொன்னேன்?”

மறுநாளே பழைய இரும்புக் கடைக்கு ஓடினார். இன்ஜினை உடைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது என்றார்கள். மதுரை, கோயம்புத்தூர் என்று விசாரித்ததில் வேறொரு இன்ஜின் கிடைக்கும்போல இருந்தது. ஆனால் அறுத்த தரைக்கும், தூக்கிப்போட்ட கியர் கம்பிகளுக்கும் எங்கே போவது? புதிதாகச் சொல்லித் தருகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தார். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள், “ஐம்பத்தஞ்சு வயசுல இன்னொரு வாட்டி திடலச் சுத்த முடியாது, விடுங்க” என்றாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்டி இப்போது எங்கேயும் நிற்பதில்லை. சனிக்கிழமை காலையில் அவர் அதைத் துடைத்து வாசலில் நிறுத்துகிறார்.

“நான் கொண்டு விடுதேன், ஏறு.”

“உங்களுக்குக் கடையில வேல கெடக்கும். எனக்குப் பத்தமடை வழியா போற சேரன்மாதேவி பஸ் இருக்கு.”

பையை எடுத்துக்கொண்டு அவள் மெல்ல நடந்துபோகிறாள்.