எங்கள் தெருவில் யாருக்கும் நெஞ்சுவலி இல்லை

இதயநோய் ஆராய்ச்சிக்காக இரண்டு பெண்கள் சேவூரில் எங்கள் தெருவுக்கு வந்தபோது, மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். வந்தவாசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

"வீட்ல யாராவது சின்ன வயசுல நெஞ்சுவலியில தவறியிருக்காங்களா சார்?"

என் அண்ணன் நாற்பத்து மூன்று வயதில் தறியைவிட்டு எழுந்து தண்ணீர் கேட்டார். சொம்பு வருவதற்குள் விழுந்துவிட்டார். அப்பாவும் ஐம்பதைப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இல்லீங்க. அண்ணனுக்கு வாயுத் தொல்ல" என்றேன்.

பெண் இருக்கிற வீட்டில் நோய் இருக்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் மார்பில் அறுவை சிகிச்சைத் தழும்போடு இருப்பவர். அவரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இல்லையென்றே சொன்னார். அவருக்கு இரண்டு பெண்கள்.

வந்தவர்களில் ஒருத்தி என் கண்ணோரத்து மஞ்சள் தடிப்பைக் கவனித்துவிட்டாள். "இது கொழுப்பா இருக்கலாம் சார். பரம்பரையா வரும். பொண்ணுக்கும் ரத்தம் பாத்துடலாம். முன்னாடியே தெரிஞ்சா மாத்திரையிலயே கட்டுப்படுத்தலாம்."

மகள் முன்னால் வந்து நின்றாள். "நீ உள்ள போ" என்றேன்.

கல்யாணம் நடந்தது. ஐந்தாவது வருடம், இருபத்தொன்பது வயதில், தோளும் தாடையும் வலிக்கிறது என்றவளுக்கு மாமியார் வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஏது யோக்கியதை?

அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்த மருத்துவர், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றார். அப்போதும் ஒரு நொடி தயங்கினேன். பிறகு அண்ணனையும் அப்பாவையும் சொன்னேன்.

"புடவையில ஒரு இழை அறுந்திருந்தாகூட விக்கும்போதே காட்டுவீங்களே சம்பந்தி" என்றார் அந்த அம்மாள். "பொண்ணு விஷயத்துல வாய் தெறக்கலியே."

மகள் ஒன்றும் திட்டவில்லை. "அன்னிக்கு நான் கைய நீட்டிகினுதானேப்பா நின்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆராய்ச்சி முடிவை எங்காவது எழுதியிருப்பார்கள். நெசவாளர் தெரு, இதயநோய் குறைவு என்று இருக்கும். காரணம் கேழ்வரகுக் களியா, தறியில் கால் மிதிப்பதா என்று படித்தவர்கள் யோசித்துக்கொண்டும் இருக்கலாம். யோசிக்கட்டும்.

பேத்திக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அவளுக்கு நாலு வயது. மருமகனிடம் சொன்னேன்.

"பொம்பளப் புள்ள மாமா. இப்பவே ஒரு வியாதியப் பேர்ல எழுதிட்டா நாளைக்கி யாரு வருவா?"

இரண்டு மாதமாக வாரம் தவறாமல் போன் செய்கிறேன். "வெயில் கொறையட்டும் மாமா" என்கிறார்.