மாப்பிள்ளைக் கடிகாரத்துக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை வந்துவிட்டால் என் கணவருக்குத் தலைகால் புரியாது. துளை போடும் மெஷின், என் தையல் மெஷின், மகளின் லேப்டாப் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்பார். அன்றைக்கு எந்தக் கருவியும் வேலை செய்யக்கூடாது என்பது அவர் சட்டம். ரைஸ் குக்கருக்கு மட்டும் விலக்கு உண்டு. பசி என்று ஒன்று இருக்கிறதே!

மகளின் கல்யாணம் நிச்சயமான வருடம், மாப்பிள்ளைக்குப் போட வாங்கிய கடிகாரமும் அந்த வரிசையில் உட்கார்ந்தது. பேட்டரி இல்லாமல், சாவி கொடுத்து ஓடும் உயர்ந்த ரகம். வெள்ளை டயல். மாப்பிள்ளையே கடைக்கு வந்து, கட்டிக் கட்டிப் பார்த்து ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கும் ஓய்வு கொடுக்க நினைத்த என் கணவர், சாவி கொடுக்கும் குமிழை வெளியே இழுத்து முள்ளை நிறுத்தியிருக்கிறார். பிறகு, நீர்க்கக் கரைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பியிருக்கிறார். குமிழ் வழியாக ஈரம் உள்ளே போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்திருந்தது. டயலில் ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை.

"சாமிக்குத்தானே வெச்சேன்," என்றார்.

"சாமியா கையில கட்டிக்கப் போகுது?" என்று கத்தினேன். அதற்கு மேல் பேசியதை எழுத முடியாது. அவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

பழுது பார்க்கும் இடத்துக்கு எடுத்துப் போனோம். உள்ளே சுத்தம் செய்து கல்யாணத்துக்குள் ஓட வைத்துவிடலாம், புது டயல் மட்டும் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வர மாதக் கணக்காகும் என்றார்கள். திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் என் கணவர், "மாப்பிள்ளைகிட்ட சொல்லாம இருந்துடலாமா?" என்று மெல்லக் கேட்டார். எனக்கும் பயம்தான். நல்ல இடம், மகள் விரும்பிய பையன். சம்பந்தி வீட்டில் யாராவது அபசகுனம் என்று வாயை விட்டால்? ஆனாலும் மறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஆங் மோ கியோவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடித்தான் போனது. என் கணவர் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அங்கிள் வெச்சதா?"

"ஆமா தம்பி."

சட்டென்று சிரித்துவிட்டார். "என் பைக் மீட்டர்லயும் எங்கப்பா இப்படித்தான் அப்பி வெச்சாரு ஆன்ட்டி. ஸ்பீடே தெரியாது. சர்வீஸ் மட்டும் பண்ணுங்க, டயல மாத்த வேணாம் லா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சிராங்கூன் சாலைக் கோயிலில்தான் கல்யாணம். என் கணவர்தான் மாப்பிள்ளை கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டார். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் குனிந்து பார்த்து, "என்ன பிரதர், புது வாட்ச்ல கறை? கடையில மாத்திக் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கையை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டினார். "இந்த டயல் எந்தக் கடையிலயும் கிடைக்காது லா. எங்க மாமா பண்ணிக் குடுத்தது."

பக்கத்தில் நின்ற மாமா, மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.